இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்த விரிசல்

எங்கள் பக்கத்தில் வண்டியைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லும் ஆண் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தாலே லாரி ரத்தத்தில் ஓடுகிறது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. பெரியப்பா என்றைக்கோ கிளீனராக நாக்பூர் வரை போய் வந்திருந்தால் போதும், அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் இன்ஜினைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை வந்துவிடும். என் காரின் முன்கண்ணாடியில் விழுந்த மிளகளவு குழி ஒன்று இப்படிப்பட்ட இரண்டு மேதைகளை என் தலையில் கட்டியது. ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருவர் என் கணவர்.

நான் கொல்லிமலையில், குண்டனி நாட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. வீடு கீழே சேந்தமங்கலத்தில். பஸ்ஸில் போனால் செம்மேட்டில் இறங்கி, அங்கிருந்து உள்ளே போகிற வண்டிக்குத் தவம் கிடந்து, பிரார்த்தனை முடிந்த பிறகுதான் பள்ளிக்குள் நுழைய முடியும். அதனால் காரில் போகிறேன். கார் கணவர் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான். அவர் நாமக்கல்லில் ஓர் அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குப் போகும்போது மட்டும் காரில் ஏறுவார், அதுவும் இடப்பக்கம். ஸ்டியரிங் பிடித்தால் அவருக்கு இடுப்பு வலிக்குமாம்.

ஆடி மாதம் ஒரு காலையில், காரவள்ளி அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று என்னை முந்திக்கொண்டு போனது. அதன் டயரிலிருந்து தெறித்த கல் 'டப்' என்று கண்ணாடியில் விழுந்தது. சின்னக் குழி, அதைச் சுற்றி மயிரிழை போல நாலைந்து கோடுகள். சரியாக என் கண்ணுக்கு நேரே.

அன்றைக்கே நாமக்கல்லில் கார்க் கண்ணாடி மாட்டும் கடைக்கு போன் செய்தேன். "குழி சின்னதா இருந்தா பசை ஊத்தி அடைச்சரலாங்க மேடம். ஆனா ஓட்டறவங்க கண்ணுக்கு நேரா இருந்துச்சுன்னா அடைச்சாலும் ஒரு மங்கல் நிக்கும், மாத்தறதுதான் நல்லதுங்க. எதுக்கும் ரெண்டு மூணு நாள்ல கொண்டாந்து காட்டுங்க. அது வரைக்கும் தண்ணியும் தூசியும் உள்ள போவாம ஒரு டேப்பை ஒட்டி வைங்க" என்றார்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் திருப்பி ஒப்பிப்பார்கள். டேப் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காலத்தில் இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். அந்த இரண்டு லாரியும் எப்படிப் போயின என்று அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எங்கள் தெருவில் பல வண்டிகள் பிழைத்திருக்கும். அவர் டேப்பைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏனம்முணி, இந்தப் பொட்டுக்குப் போயி கடைக்குப் போறியாக்கு? நாங்கெல்லாம் பாதிக் கண்ணாடியோட பாம்பே போயிட்டு வந்தவங்க. ஒரு சொட்டுப் பசை உட்டு, மேல சுடுதண்ணி ஊத்துனா கல்லாட்டம் புடிச்சுக்கும்."

நான் உள்ளே போய்ச் சேலை மாற்றி வருவதற்குள் வைத்தியம் முடிந்துவிட்டது. டேப்பை உரித்து எறிந்து, செருப்பு ஒட்டுகிற பசையைக் குழியில் பிதுக்கியிருந்தார். என் கணவர் பக்கத்தில் சுடுதண்ணீர்ச் சொம்போடு பயபக்தியாக நின்றிருந்தார். அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. மயிரிழைக் கோடுகளில் ஒன்று ஒரு விரல்கடை நீண்டிருந்ததை நான் காட்டியபோது, "அது முன்னாடியே இருந்துருக்கும்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். மறுநாள் கடைக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "வேற பசை உள்ள போயிருச்சுங்களா? அப்ப இனி அடைக்க முடியாதுங்க மேடம். மாத்தத்தான் வேணும்" என்றார் கடைக்காரர்.

நான் அதைக் கணவரிடம் சொன்னேன். கடைக்காரன் வியாபாரம் பார்க்கிறான் என்று அவர் கண்டுபிடித்தார்.

மார்கழியில் மலைமேல் பனி கண்ணாடியை மூடிக்கொள்ளும். வெளியே வைப்பரைப் போட்டு, உள்ளே சூடான காற்றைத் திருப்பிவிட்டால்தான் ரோடு தெரியும். அப்படித் திருப்பிவிட்ட ஒரு காலையில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, வளைந்து நெளிந்து, வலப்பக்க ஓரம் வரைக்கும் ஓடி நின்றது. சத்தம்கூட இல்லை. எதிரே இன்னும் இருபதுக்கு மேல் வளைவுகள் இருந்தன.

காலையில் மலை ஏறும்போது எப்படியோ சமாளித்துவிடலாம். வெயில் மலைக்குப் பின்னால் இருக்கும். சாயங்காலம் இறங்கும்போதுதான் எமன். மேற்கே சாய்கிற வெயில் நேராக முகத்தில் அடிக்கும். விரிசல் முழுக்க வெள்ளையாகப் பற்றி எரியும். வளைவில் திரும்பும் சில நொடிகள் எதிரே ரோடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, ஆள் வருகிறானா, ஒன்றும் தெரியாது. எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் அந்தச் சில நொடிகள் எத்தனை தடவை வரும் என்று நான் எண்ணியதில்லை. எண்ணினால் வேலையை விட்டுவிடுவேன் என்று பயம்.

இதைச் சொன்னபோது என் கணவர் பரிசோதனைக்கு வந்தார். இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கையால் முழம் போட்டு, "எனக்கு நல்லாத்தான தெரியுது" என்றார். இடப்பக்கம் தெரியாமல் என்ன செய்யும்? இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்றேன். வந்து உட்கார்ந்தார். கார் எங்கள் வீட்டு ஷெட்டுக்குள், நிழலில், காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றிருந்தது.

"செவுரு தெளிவாத் தெரியுதே!"

இந்த மனிதர் எம்.காம். படித்தவர். அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலாளர்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் புதிய ஞானம் ஒன்றைக் கொடுத்தார். கார் வாங்கின நாளிலிருந்து ஊர்க்கண் அதன் மேல் இருக்கிறது, நம் உயிருக்கு வர வேண்டியது கண்ணாடியோடு போயிற்று, அதை மாற்றினால் கழிந்த திருஷ்டி வேறு இடம் தேடும் என்றார். புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசணிக்காய் உடைக்கிறவர்கள்தானே நாம்? என் கணவருக்கு இது சட்டென்று பிடித்துவிட்டது. கண்ணாடியை மாற்றாமல் இருக்க இதைவிட வசதியான காரணம் அவருக்குக் கிடைத்ததில்லை. சோம்பலுக்குச் சாமியே சாட்சி சொல்ல வந்துவிட்டால் யார் எதிர்த்துப் பேச முடியும்? அடுத்த செவ்வாய்க்கிழமை, உள்ளங்கை அகலத்துக்குப் பளபளக்கும் வேல் ஸ்டிக்கர் ஒன்றை வாங்கி வந்து, குழி இருந்த இடத்திலேயே, என் மூக்குக்கு நேராக ஒட்டினார். விரிசலையும் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். நான் பிளேடால் சுரண்டி எடுத்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை நானே காரை நாமக்கல் கடைக்கு ஓட்டிப் போனேன். கண்ணாடி கையிருப்பில் இருந்தது. ஆனால் கார் அவர் பெயரில், இன்சூரன்ஸ் அவர் பெயரில். "சாரைக் கேட்டுட்டு ஆரம்பிச்சரலாங்க மேடம்" என்று சொல்லி, என்னை எதிரில் வைத்துக்கொண்டே அவருக்கு போன் போட்டார்கள். அவர் என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் ஆடியிலிருந்து அதன் பின்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், என் வார்த்தை செல்லாது. அவர் ஒரு நாள் சுவரைப் பார்த்தார், அவர் வார்த்தை செல்லும். அந்த டீயை நான் குடிக்கவில்லை.

மாசிக் கடைசியில் அது நடந்தது. மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர்கள் வளைவுக்கு மேலேயே நின்று வழிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் இதை மீறியதில்லை. அன்று வெயில் விரிசலில் ஏறிய நேரத்தில் வளைவுக்குள் இறங்கிவிட்டேன். வெள்ளை வெளிச்சம் விலகியபோது என் பம்பருக்கும் ஒரு பைக்குக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. பைக்கில் வந்தவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். பின்னால் கட்டியிருந்த அரிசி மூட்டை மட்டும் ரோட்டில் சரிந்து கிடந்தது. பார்த்தால், என் வகுப்பில் படிக்கிற பிள்ளை ஒன்றின் அப்பா.

"ஏனுங்க டீச்சர், ஆரன் மேல ஆரன் அடிச்சனே, கேக்கலீங்களா?"

கேட்டது, எங்கிருந்து என்று தெரியவில்லை, வெயில் கண்ணாடியில் அடித்துவிட்டது என்று ஏதோ குழறினேன். அவர் வந்து கண்ணாடியைப் பார்த்தார். கோபம் போய் அவர் முகத்தில் பரிதாபம் வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இதோட ஏனுங்க மலையெறங்கறீங்க? இது ஆவாதுன்னு சொல்றதுக்கு உங்கூட்டுல ஆருமில்லீங்களா?"

இருக்கிறார்கள், சொல்வதற்கு மட்டும்தான் இருக்கிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மூட்டையை இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டினோம். அவர் போன பிறகு காரை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். அந்த மனிதர் செத்திருந்தால் மறுநாள் அவர் பிள்ளை முன்னால் நின்று நான் எந்தப் பாடத்தை நடத்துவது?

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னேன். என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். அந்த அளவுக்கு மரியாதை. கடைசியில், "அவன் ஆரன் அடிச்சான்னு நீயே சொல்ற. அப்பறம் நிறுத்தறதுக்கு என்ன?" என்றார். சத்தத்தை மறுபடி கூட்டிக்கொண்டார்.

பங்குனியில் அவருடைய அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். அந்த அதிகாரிக்கும் அவர் மனைவிக்கும் ஆகாய கங்கை அருவியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. என் கணவர் முந்திக்கொண்டு, நம் காரிலேயே போகலாம் சார் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்ததும் சாவியைக் கேட்டார்.

"கண்ணாடிய மாத்திரலாம்னு இருக்கேன். சார் முன்னாடி உக்காருவாரு, அசிங்கமா இருக்கும்."

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. ஒரு நாள் வண்டியை அசைக்க வேண்டாம், பசை இறுக வேண்டும் என்று கடையில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். கழிந்த திருஷ்டி எங்கே போகும் என்று அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கார் வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை, எனக்கு வேறு வேலை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்தான் ஓட்டினார். இடுப்பு வலி என்ற பேச்சே இல்லை. இடப்பக்கம் அதிகாரி, பின்னால் அவர் மனைவியும் நானும். அருவியைப் பார்த்து, அன்னாசிப்பழம் வாங்கி, சாயங்காலம் இறங்கினோம். அதே வெயில் முகத்துக்கு நேரே வந்தது. கண்ணாடி பளிங்காக இருந்தது. மரத்தடியில் நின்ற குரங்கின் குட்டிகூடத் தெரிந்தது. அதிகாரி, இந்த ரோட்டில் ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை என்று பாராட்டினார்.

"ஆமாங்க சார். இந்த ரோட்டுல கண்ணாடில ஒரு கீறல் இருந்தாலும் ஆபத்துங்க. எதிர்வெயில் அடிச்சா ஒண்ணுமே தெரியாது. இதுல மட்டும் நான் ரிஸ்க் எடுக்கறதே இல்லீங்க சார்" என்றார் என் கணவர்.

என் வார்த்தைகள். எழுத்துப் பிசகாமல் என் வார்த்தைகள்.

"ஆடி மாசத்துல இருந்து உடைஞ்ச கண்ணாடியோட இந்த ரோட்டுல தெனமும் ஓட்டினது நான்தாங்க சார். ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேன். அப்பவும் மாத்தலை. நீங்க முன்னாடி உக்காருறீங்கன்னு வெள்ளிக்கிழமைதான் மாத்தினாங்க" என்றேன்.

அதிகாரி வெளியே கையைக் காட்டி, அதோ தெரிகிறதே, அது என்ன மரம் என்று கேட்டார். சில்வர் ஓக் என்றார் என் கணவர். அடிவாரம் வரும் வரைக்கும் மரங்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

அவர்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, ஷெட்டில் இன்ஜினை அணைத்ததும் என் பக்கம் திரும்பினார். "என் மானத்தை வாங்கிட்டியே" என்றார். இத்தனை மாதங்களில் அவர் முகத்தில் உண்மையான வேதனையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஏனுங்க, நான் அந்த வளைவுல செத்துப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை நீட்டிப் புதுக் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"அதான் இப்ப மாத்தியாச்சுல்ல."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார்.