பகேரியாவில் போட்டு வைத்த லேஞ்சி

1996 ஒக்ரோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்குச் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்து நாங்கள் இருவர் புறப்பட்டோம். என்னிடம் ஒரு தோள்பை. நெனிதாவின் கையில் துணியால் இறுக்கிக் கட்டிய பெரிய கிண்ணம். கிண்ணத்துக்குள் இரண்டு கிலோ மாட்டிறைச்சி. அன்று மத்தியானம் அதைச் சமைக்கப் போகிறவன் நான். மாட்டிறைச்சியை அதுவரை நான் தொட்டதுகூட இல்லை.

நெனிதா பிலிப்பைன்ஸ்காரி, ஐம்பதை நெருங்குகிறவர். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறார். பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் அவருக்கு வேலை. நாங்கள் பேசிக்கொள்வது இத்தாலியன், இருவருக்குமே அது அரைகுறை. இங்கே அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

இந்த நகரத்தில் வீட்டுவேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர் தன் இடத்துக்கு ஒருவரை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். தமிழர், பிலிப்பைன்ஸ்காரர், மொரீஷியஸ்காரர் எல்லாருக்கும் ஒரே சட்டம், ஒரே பயம். வைத்த ஆள் அங்கேயே இருந்துவிட்டால்? திரும்பி வரும்போது கதவை வேறொருவர் திறந்தால்?

நெனிதா ஊருக்குப் போய் ஏழு வருடம். டிசெம்பரில் மூத்த மகளுக்குக் கலியாணம். வீட்டு எசமாட்டி, இங்கே சின்னோரா என்பார்கள், ஒரு நிபந்தனை வைத்தாராம். அவருடைய தகப்பன், காணி உறுதி எழுதி ஓய்வுபெற்ற நொத்தாரிசு. வாரம் முழுக்கக் கொறிப்பவர், ஞாயிற்றுக்கிழமை நெனிதா வைக்கும் கால்தெரெத்தாவை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுவார். தக்காளியும் ஈரலும் ஒலிவ்காயும் சேர்த்து வற்ற வைக்கும் பிலிப்பைன்ஸ் மாட்டிறைச்சிக் குழம்பு அது. வருகிறவனுக்கு அதைச் சமைக்கத் தெரிந்தால் நெனிதா போகலாம். தெரியாவிட்டால் கலியாணத்தைப் படத்தில் பார்க்கலாம்.

"உங்கட ஆக்கள் இத்தினை பேர் இருக்கினம், ஏன் என்னைக் கேக்கிறியள்?" என்று படிக்கட்டில் வைத்தே கேட்டேன்.

"எங்கட ஆக்கள் என்னைவிட நல்லாச் சமைச்சுப் போடுவினம். பேந்து நான் எங்கை போறது? நீ மாடு தின்னமாட்டாய் தம்பி. உனக்கு அந்தச் சட்டியிலை ஆசை வராது."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். படித்தவனுக்கு எதையும் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு துணிவு. ஓம் என்றேன்.

நான் இருந்தது அக்கா வீட்டில். அவதான் முகத்தைத் திருப்பிக்கொண்டா. "என்ர அடுப்பிலை அதை வைக்கக்கூடாது. அந்தக் கையோட சாமிப்படத்துக்குக் கிட்டவும் வராதை."

"சாமிக்கு இஞ்சை பெர்மெஸ்ஸோவே இல்லை, அவர் கதைக்கமாட்டார்," என்றார் அத்தான். பெர்மெஸ்ஸோ என்பது இங்கே தங்கியிருக்கும் அனுமதிச் சீட்டு. பிறகு என்னைப் பார்த்து, "டேய், ஊரிலை பஸ்ஸுக்குள்ளை சீற்றிலை லேஞ்சி போட்டு இடம் பிடிக்கிறமெல்லே? நீ அந்த லேஞ்சிதான். லேஞ்சிக்குச் சீற் சொந்தமில்லை, மறந்திடாதை," என்றார். லேஞ்சி என்றால் கைக்குட்டை.

புறப்படும்போது அக்கா மனமிளகி என் பைக்குள் சிறு பொட்டலம் ஒன்றைத் திணித்தா. "தொடுறதெண்டால் மஞ்சள் போட்டு நல்லாக் கழுவிப்போட்டுத் தொடு."

பிரதான ரயில் நிலையத்துக்குப் பஸ், ஆயிரத்தைந்நூறு லீரா. அங்கிருந்து பகேரியாவுக்குக் கிழக்கே பதின்மூன்று கிலோமீற்றர், ரயில் கட்டணம் இரண்டாயிரத்து முந்நூறு. டிக்கற்றை வாங்கினால் மட்டும் போதாது, மேடையில் இருக்கும் மஞ்சள் பெட்டிக்குள் செருகி முத்திரை பதிக்கவேண்டும். மறந்தால் டிக்கற் கையில் இருந்தும் தண்டம்தான். ஊரில் இருந்து வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்க யன்னலில் கடல் வந்து வந்து போனது. எதிரே கறுப்புச் சட்டை போட்ட ஒரு கிழவி நெனிதாவின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ளை என்ன?"

"இறைச்சி. குழம்பு வைக்க."

"பட்டாணி போடுவியோ?"

"இல்லை."

"பட்டாணி இல்லாமலோ!" கிழவி பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பினாள். "கேட்டியளே? பட்டாணி இல்லாமல் குழம்பாம்!"

அடுத்த நிலையம்வரை பெட்டி முழுவதும் பட்டாணியைப் பற்றித்தான் பேசியது. சிசிலிக்காரருக்கு நாட்டு நடப்பில் அபிப்பிராயம் இல்லாமல் இருக்கலாம், அடுத்த வீட்டுச் சட்டியில் இருக்கும்.

பகேரியா ஒரு காலத்தில் பிரபுக்களின் கோடைகால ஊர். இன்று அந்த மாளிகைகளின் முதுகில் சீமெந்துக் கட்டடங்கள் சாய்ந்து நிற்கின்றன. ஒரு மதிலின் மேல் கோணல் வாயும் பிதுங்கிய கண்ணுமாகக் கற்பூதங்கள் வரிசையாக இருந்தன. எங்கள் கோயில் வாகனங்களைச் செய்தவனின் சித்தப்பன் மகன் யாரோ இங்கே வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மாளிகை ஏற்றமான தெருவின் முடிவில், எலுமிச்சை மரங்களுக்குப் பின்னால் இருந்தது.

சின்னோரா உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நெனிதாவிடம் சொன்னார்: "இவர் தனியாகச் சமைக்கட்டும். டிசெம்பரில் நீ பக்கத்தில் நிற்கமாட்டாய்தானே."

நெனிதா தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். "எல்லாம் ஆயத்தம், பொரிச்சு எடு, மிச்சம் உனக்குத் தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் எனக்குத் தெரியும்தான். நெனிதா வீட்டில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் பலெர்மோவில் ஒரேத்தோத் தெருப் பக்கம் படிக்கட்டுக் கழுவும் என் வேலையை முடித்து நான் போய்ச் சேரும்போது, இரண்டு முறையும் இறைச்சி பொரிபட்டுச் சட்டிக்குள் இருந்தது. அதற்கு முந்திய பாடத்தை நான் பார்க்கவில்லை.

கிண்ணத்தின் துணியை அவிழ்த்தேன். துண்டுகள் கறுப்புத் தண்ணீருக்குள் கிடந்தன. எங்கள் வீட்டில் மீனோ கோழியோ, கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவுவோம். கறுப்புத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றினேன். மூன்று தரம் கழுவினேன். அக்காவின் மஞ்சளைப் பூசிப் பிசறி இன்னொரு தரமும் கழுவினேன். இறைச்சி துப்புரவாக, பொன்னிறமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எண்ணெயில் போட்டுப் பொரிக்கத் தொடங்கியதும் தோட்டத்து யன்னலில் நெனிதாவின் தலை தெரிந்தது.

"மணம் வரேல்லையே. என்ன செய்தனி?"

"பொரிக்கிறன்."

"சோயாவும் எலுமிச்சையும் மணக்கவேணும். ஊறின தண்ணி எங்கை?"

நான் தொட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ஊத்திப்போட்டன். ஊத்தையெண்டு நினைச்சு... கழுவினனான். மூண்டு தரம். மஞ்சள் போட்டுப் பிறகும் ஒருக்கா."

நெனிதா யன்னலுக்குக் கீழே படியில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எழுந்தபோது இரண்டுக்கும் தடயம் இருந்தது.

"இராமுழுக்க ஊறினது! உப்பும் ருசியும் அதுக்குள்ளைதான். சோயாப் போத்தல் வீட்டிலை. என்ர பிள்ளையின்ர கலியாணத்தை நீ தொட்டிக்குள்ளை ஊத்திப்போட்டாய்."

அந்தச் சொல் சுட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். மாவு, கேப்பர், பிறகு ஒரு கண்ணாடிச் சாடி. அதற்குள் கல்லுப்பில் அடுக்கிய நெத்தலி. மூடியைத் திறந்ததும் அம்மா சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கருவாட்டின் அதே வீச்சம் எழுந்தது. கருவாடு போட்ட கறியில் ருசி மட்டும் நிற்கும், மீன் தெரியாது.

"இதைப் போடப்போறன்."

"அது மீன்!"

"எண்ணெயிலை கரைஞ்சு போகும் அக்கா."

"மாட்டுக்குள்ளை மீனோ? விசரா உனக்கு?"

"உங்கட ஊரிலை மீன் ஊறவைச்ச உப்புத்தண்ணியை எல்லாத்துக்கும் ஊத்துவினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவர் சாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே சின்னோராவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"போடு," என்றார். "உன்ர தூள் ஒண்டும் போடாதை, என்ன?" தலை மறைந்தது.

ஐந்து நெத்தலி, உப்பை உதறி, முள் எடுத்து. எண்ணெயில் அவை சேறாகக் கரைந்தன. வெங்காயம், உள்ளி, தக்காளி, வாசனை இலை. தக்காளியின் சிவப்பு மஞ்சளை மூடிவிட்டது. தோட்டத்து எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தேன். இறைச்சி நார்நாராக இளகும்வரை மூடி அவியவிட்டு, உருளைக்கிழங்கு, கரட், பிறகு அவித்து மசித்த ஈரல், ஒலிவ்காய், குடைமிளகாய், கடைசியில் துருவிய பாற்கட்டி.

உப்புப் பார்க்கும் கட்டம் வந்தது. கரண்டியை வாயில் வைக்க என்னால் முடியாது. நெனிதாவைக் கூப்பிடவும் முடியாது. எங்கள் ஊர் வைரவருக்கு மடை போடுகிறவர்கள் படைக்குமுன் ருசி பார்ப்பதில்லை, ஆவியை வைத்தே உப்பை அறிவார்கள். நானும் சட்டியின் மேல் குனிந்தேன். வெறும் தக்காளி ஆவி மூக்கில் புளிக்கும், உப்பு ஏறியது தொண்டைக்குள் இறங்கும். இது இறங்கியது. அடுப்பை அணைத்தேன்.

ஒன்றரை மணிக்கு மேசை. நொத்தாரிசு கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். முதல் வாய். நான் சமையலறைக் கதவில் நின்றேன், எனக்குப் பின்னால் நெனிதாவின் மூச்சு கேட்டது. கிழவர் மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார். "பாண்," என்றார். பாண் துண்டைப் பிய்த்துக் கோப்பையில் ஒட்டியிருந்த குழம்பை வழித்துத் துடைத்தார். "இன்றைக்கு இதற்குள் கடல் இருக்கிறது," என்றார். "இன்னும் கொஞ்சம்."

என் தோளில் நெனிதாவின் கை விழுந்தது, நல்ல பாரமாக.

பிறகு நெனிதா மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நேரம் சின்னோரா சமையலறைக்கு வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"அவளுக்கு வயதாகிறது. ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அங்கேயே இருக்கட்டும். நீ விரும்பினால் நிரந்தரமாக இங்கே இருக்கலாம். பதிவு செய்து முறையாக எல்லாம் செய்து தருவேன்."

பலெர்மோவில் முறையான வேலை என்றால் பெர்மெஸ்ஸோ, பெர்மெஸ்ஸோ என்றால் பொலிஸ் அலுவலக வரிசையில் தலைநிமிர்ந்து நிற்பது. எனக்கு இதெல்லாம் தெரியும். என் இத்தாலியனில் நீட்டிப் பேச முடியாததும் நல்லதாகப் போயிற்று.

"சின்னோரா, இது நெனிதாவின் இடம். அவர் வரும்வரை நான். வந்தபிறகு அவர்."

"சரி. கதவுத் திறப்பை அவளே உனக்குத் தரட்டும்," என்றுவிட்டுப் போனார்.

பின்னேர ரயிலில் கடல் வலப்பக்கம் வந்தது. நெனிதா வெறும் கிண்ணத்தை மடியில் வைத்திருந்தார்.

"சின்னோரா உன்னை இருக்கச் சொல்லிக் கேட்டவவோ?"

மறைக்க எனக்கு வரவில்லை. "ஓம்."

"எல்லாச் சின்னோராமாரும் கேப்பினம். என்ன சொன்னனி?"

சொன்னேன். அவர் கழுத்தில் இருந்த நாடாவைக் கழற்றினார். நாடாவின் முனையில் மாளிகைக் கதவின் திறப்பு. அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"எண்டாலும் தம்பி, உப்புக் கொஞ்சம் கூட."

"நொத்தாரிசு கோப்பையைத் துடைச்சுச் சாப்பிட்டவர்!"

"அவருக்கு நாக்குச் செத்து எத்தினையோ வருஷம்."

இருவரும் சிரித்த சிரிப்பில் டிக்கற் பார்க்க வந்தவரும் சிரித்தார். உப்புக் கூடவா, இல்லை அவர் தன் இடத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. தின்றிருந்தால்தானே தெரியும்.

நெனிதா கலியாணத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கால்தெரெத்தா வைத்தேன், நெத்தலி போட்டே. பெப்ரவரியில் ஒரு காலை, பலெர்மோ நிலைய மேடையில் மகளின் படங்களோடு வந்து நின்றார். கறுத்து, கொழுத்து, அழகாக இருந்தார். நாடாவோடு திறப்பைக் கொடுத்தேன். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பகேரியா ரயிலில் ஏறி, யன்னலோரமாக உட்கார்ந்தார்.

ஊரில் பஸ் நிலையத்தில் இதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். முண்டியடித்து யன்னலுக்குள்ளால் லேஞ்சியை எறிவோம். வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள், சண்டைக்காரரும்கூட. உரியவர் வந்ததும் லேஞ்சியின் வேலை முடிந்தது.

ரயில் நகர்ந்தது. பகேரியாவுக்கு வாங்கிய என் டிக்கற்றை நான் மஞ்சள் பெட்டியில் செருகவில்லை. எனக்கு அன்று ஒரேத்தோவில் கழுவப் படிக்கட்டு இருந்தது.