மூணாம் சோன் டீச்சர்

ஜெபமலர் டீச்சர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது ஒரே ஒரு சொல்லால். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அஞ்சு, “அப்பா, நம்ம இடம் மூணாம் சோன்லயாக்கும். டீச்சர் சொன்னாங்க” என்று வந்து நின்றாள். ஆரியசாலையில் மிளகாய் வற்றல் கடை வைத்து, அதன் மாடியிலேயே வாடகைக்குக் குடியிருக்கிற இந்தத் தங்கபாண்டியின் காதில் சோன் என்று விழுந்தால் என்ன தோன்றும்? ரோட்டை அகலப்படுத்தக் கடையை இடிக்கப்போகிறார்கள் என்றுதான் தோன்றும். நிலநடுக்கத்துக்கும் சோன் உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்?

விசாரித்தேன். மார்த்தாண்டத்துக்காரர். பதினெட்டு வருஷமாக இங்கே சமூக அறிவியல் நடத்துகிறார். வலியசாலையில் வாடகை வீடு. மழையோ வெயிலோ கக்கத்தில் குடை. நாலு பக்கப் பாடத்தை நாலு வாரம் இழுப்பாராம். அச்சன்கோவில் மலைவழியே பூமிக்குள் பழைய பிளவு ஒன்று போகிறதென்று வரைபடத்தில் கோடு போடச் சொல்வார். திடீரென்று கையைத் தட்டிப் பிள்ளைகளைப் பெஞ்சுக்கடியில் நுழையவைப்பார். மற்ற டீச்சர்மார் சிரிப்பார்களாம். படிக்கிற காலத்தில் ஈராட்டுபேட்டைப் பக்கம் நிலம் குலுங்கியபோது, தங்கியிருந்த விடுதிச் சுவர் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர் என்றாள் அஞ்சு. கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் அவரவர் வீட்டு விரிசலைக் கவனித்து எழுத வேண்டுமாம். எங்கள் விரிசல் அஞ்சுவின் கட்டிலுக்கு நேர்மேலே. காலண்டர் மாட்டி மறைத்து வைத்திருந்தேன். டீச்சர் காலண்டரை எடுத்துவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே ஒரு காகிதத்துண்டை ஒட்டித் தேதி எழுதினார். காகிதம் கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தமாம். கட்டிடத்து உடமஸ்தன் பத்மகுமார் எங்களைக் காலிசெய்யவைக்க ஒரு சாக்குக்காகக் காத்திருக்கிறான். கட்டிடம் ஆபத்து என்று யாராவது எழுதிக்கொடுத்தால் போதும். மறுநாள் தெருமுனையில் டீச்சர் அவனோடு பேசிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். அப்படியா சங்கதி!

இருபதாம் நாள் காகிதம் கிழிந்திருந்தது. நான் யோசிக்கவேயில்லை. அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டு, புதுத்துண்டு ஒட்டி, பழைய தேதியையே எழுதிக் காலண்டரை மாட்டினேன்.

அடுத்த வாரம் டீச்சர் கடைக்கு வந்து, அஞ்சுவின் நோட்டை விரித்து என் முன்னால் வைத்தார். நான் குப்பையில் போட்ட துண்டு அதில் ஒட்டியிருந்தது. கீழே மகளின் எழுத்து: ‘இது கிழிந்துவிட்டது. அப்பா வேறு ஒட்டினார். வீடு போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம்.’

பத்மகுமாரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். “அவருக்க மகனும் என் வகுப்புதான், அவன் மார்க் விஷயம் பேசினோம்” என்றார் டீச்சர்.

“இந்தப் பக்கத்தை நான் யாருக்கும் காட்டல்ல அண்ணாச்சி. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். பிள்ளைக்க கட்டிலை மட்டும் மாத்திப் போடுங்க.”

அவர் போன பிறகும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் பிள்ளை ஒரு வாரமாக அந்த விரிசலுக்குக் கீழேதான் படுத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று மதியமே கடையைப் பாதியடைத்துவிட்டுக் கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டேன். பள்ளி விட்டு வந்த அஞ்சு அதைப் பார்த்தாள். காலண்டரைக் கழற்றி, என் கள்ளத்துண்டை உரித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினாள். தேதி போடச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

“நீயே போடு மக்ளே” என்றேன். “கிழிஞ்சா பத்மகுமாருக்கு நானே போன் பண்ணுதேன்.”