ரெட்டைச்சுழி மாட்டைத் தேடிப் போன கதை

போன வருஷம் ஐப்பசி மழை ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னாடி, எங்கள் கரிக்கலாம்பாக்கத்தில் நடந்தது இது. விஷயத்துக்குப் போவதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு விழுந்தது எப்படிப்பட்ட அடி என்று உங்களுக்குப் புரியாது.

நான் படித்தது மூணாங்கிளாஸ். அதுவும் முழுசாக இல்லை. மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில் அடுத்தவன் மாட்டுக்குத் தண்ணி காட்டித்தான் என் பிழைப்பு ஆரம்பித்தது. அப்புறம் தரகன் ஆனேன். துண்டுக்குள்ளே கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதில் என்னை அடிக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இன்றைக்கு மெயின் ரோட்டில் சொந்தமாகத் தீவனக் கடை, மாடி வீடு. மூணு பெண்களுக்கும் நானே தேடி நானே முடித்த கல்யாணம். ஒருத்தனிடம் கை நீட்டியது இல்லை. ஒருத்தனும் என்னை ஏமாற்றியதும் இல்லை. காரணம் ரொம்ப சுலபம். நான் யாரையும் நம்புவது இல்லை. "மாடு நல்லா கறக்கும்" என்று எவனாவது சொன்னால் மற்றவர்கள் மடியைப் பார்ப்பார்கள். நான் சொல்கிறவன் கண்ணைப் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட என் கடை வாசலில்தான் நர்சம்மா வந்து நின்றது. வில்லியனூர் பக்கம் மாதா கோயில் இருக்கிற ஒரு ஊர் அதுக்கு. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அம்மா. ரோட்டில் அடிபட்ட நாய், கறவை நின்றதும் அவிழ்த்து விட்டுவிட்ட மாடு, கண் தெரியாத கழுதை என்று எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் ஊரில் ஒரு காலி மனையில் கொட்டகை போட்டு வைத்திருந்தது. அந்த மனை விற்றுப்போய்விட்டது. வாங்கினவன், மழைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டான். நர்சம்மாவின் ஊர்க்காரர் ஒருத்தர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு துண்டு நிலம் கொடுத்திருந்தார். அதில் சுவர் எழுப்பிக் கூரை போட வேண்டும். அதற்குத்தான் ஊர் ஊராக வசூல்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா கடைக்காரங்க எல்லாரும் குடுப்பாங்கண்ணே. உங்க வாக்குன்னா அவ்ளோ மரியாதை" என்றது.

உண்மைதானே? மறுக்க முடியுமா? உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடை கடையாக ஏறி, "நான் சொல்றேன், குடு" என்றேன். எல்லாரும் கொடுத்தார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் மட்டும், "உன் மூஞ்சிக்காகத்தான் குடுக்கறேன்பா, நாய்க்காக இல்ல" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன். அப்போதுதான் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கறவை நின்ற மாட்டுக்கு எவனாவது சும்மா தீனி போடுவானா? அந்த மாடு எங்கே போகும் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? அடிமாட்டு வண்டிக்குத்தான். விற்ற மாடு எங்கே போகிறது என்று கேட்பது தரகன் வேலை இல்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் மாட்டை இலவசமாக வாங்கிக் கொட்டகையில் கட்டி, ஊரிடம் வசூலும் பண்ணி, கடைசியில் மாட்டையும் ஏற்றிவிட்டால்? அந்த யோசனை எனக்கு இத்தனை வருஷத்தில் வரவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

என் சம்சாரம் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இன்னாய்யா, ஊருக்கெல்லாம் ஜாமீன் நின்னுட்டு வந்து இப்போ யோசிக்கறியா? ஏதாவது ஆச்சின்னா பேரு யாருதுய்யா கெடும்?" என்றாள்.

அதுதான் என் பயமும். பணம் போனால் சம்பாதிப்பேன். என் வாக்கு போனால் எந்தச் சந்தையில் வாங்குவேன்?

சரி, சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். அடுத்த சந்தையில் ஒரு கிழட்டுச் செவலை மாட்டை வாங்கினேன். நெற்றியில் ரெட்டைச்சுழி, இடது கொம்பு மழுங்கல். ரெட்டைச்சுழி வீட்டுக்கு ஆகாது என்று யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் அடிமாட்டு விலை. ஒரு தடவை சுழியைப் பார்த்துவிட்டால் அந்த மாட்டை ஆயிரம் மாட்டுக்கு நடுவில் விட்டாலும் கண்டுபிடிப்பேன். தெரிந்த லோடு ஆட்டோக்காரனிடம் ஏற்றிவிட்டு, "விழுப்புரம் ரோட்டுல அநாதையா சுத்திக்கினு இருந்துச்சின்னு சொல்லி வுட்டுட்டு வந்துடு. என் பேரு வாயில வரக் கூடாது" என்றேன். நர்சம்மா அந்த மாட்டை விற்றால், எப்படியும் சந்தைக்குத்தானே வரும்? பிடித்துவிடலாம்.

அதற்கப்புறம் அரை மூட்டை தவிடு, ஒரு கட்டு வைக்கோல் என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்வர ஆரம்பித்தேன். போனால் கை சும்மா இருக்காது. மாடுகளின் பல்லைப் பிடித்துப் பார்ப்பேன், முதுகைத் தட்டுவேன், தலைகளை எண்ணுவேன். பழக்கம் அப்படி. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் நர்சம்மா பின்னாலேயே வரும். நான் ஒரு மாட்டின் பக்கத்தில் நின்றால், அதுவும் வந்து நிற்கும். "டீ சாப்பிடறீங்களாண்ணே" என்று கேட்டு வெளியே கூட்டிப்போகப் பார்க்கும். மடியில் கனம் உள்ள ஆள்தான் இப்படிப் பின்னால் சுற்றும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

முதலில் போனபோது செவலை முன்வரிசையில் நின்றது. அப்புறம் போனபோது பின்னால் மறைவாகக் கட்டியிருந்தார்கள். அதற்கடுத்த தடவை மாடே இல்லை. கூட இரண்டு மாடும் இல்லை.

"இங்க ஒரு செவலை நின்னுச்சே?"

"தெரிஞ்சவங்க வூட்ல கட்டியிருக்கோம்ணே."

"எந்த ஊரு?"

"பாகூர் பக்கம்" என்று சொல்லிவிட்டு, நாய்க்கு மருந்து போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டது. என் கண்ணைப் பார்க்கவே இல்லை. போதாதா?

சந்தை நாளில் விடியும்போதே மதகடிப்பட்டில் நின்றேன். ஒவ்வொரு மாட்டின் நெற்றியாகப் பார்த்தேன். அடிமாடு ஏற்றுகிற லாரிக்காரர்களிடம், "ரெட்டைச்சுழிச் செவலை ஒண்ணு ஏத்தினியாப்பா? யாரு கொண்டாந்து குடுத்தது?" என்று ஆள் ஆளாக விசாரித்தேன். ஒருத்தனும் சரியாகப் பதில் சொல்லவில்லை. மொத்தப் பேரும் கூட்டு என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வசூலுக்கான பெரிய கூட்டம். கல்யாண மண்டபத்தில் மீன் சாப்பாடு போட்டு, டோக்கன் விற்றார்கள். மணப்பட்டுப் படகுக்காரர்கள் படகுக்கு ஒரு கூடை மீன் இனாமாகக் கொடுத்திருந்தார்கள். கரையில் அடிபட்டுக் கிடந்த நாய்களை இந்த அம்மாதான் வந்து தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியதாம், அதற்காக. நானும் இலையில் உட்கார்ந்தேன். வஞ்சிரத் துண்டு கையகலம் இருந்தது. இவ்வளவு பெரிய மீனை எவன் சும்மா கொடுப்பான், இதில் என்ன சூது என்று யோசித்துக்கொண்டே மூணு துண்டு சாப்பிட்டேன்.

ஜனம் முழுக்கச் சேர்ந்ததும் எழுந்து நின்றேன். என் குரலுக்கு மைக் தேவையில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நெத்தியில ரெட்டைச்சுழி, எடது கொம்பு மழுங்கல், செவலை மாடு. நர்சம்மா, அந்த மாடு எங்க? என் வாக்க நம்பி ஜனம் குடுத்திருக்குது. எனக்கு இப்போ பதில் தெரிஞ்சாவணும்."

நர்சம்மா முகம் வெளுத்தது. பிடித்துவிட்டேன் என்று நான் மீசையைத் தடவினேன்.

அப்போது பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா வாளியைத் தொப்பென்று கீழே வைத்தது. மணப்பட்டில் மீன் விற்கிற அம்மா.

"நீ இரு நர்சம்மா, நான் சொல்றேன். யோவ் தரகரே, அந்த மாடு என் வூட்ல இருக்குது. இன்னா இப்போ?"

"மீன் விக்கற வூட்ல மாட்டுக்கு இன்னா வேலை?"

"ஒளிஞ்சிக்கினு இருக்கற வேலை. உன்கிட்டேர்ந்து!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது.

"சும்மா சும்மா வந்து நிக்கற. பல்லப் புடிச்சிப் பாக்கற, முதுகத் தட்டிப் பாக்கற. தல எத்தினின்னு எண்ணிக்கினு போற. அதப் பாத்துதான் ராவோட ராவா மூணு மாட்டையும் ஓட்டிக்கினு வந்தோம். அப்பறமும் போன சந்தையில அடிமாட்டு லாரிக்காரன் ஒருத்தன் வுடாம, எல்லார்கிட்டயும் செவலையப் பத்திப் பேசியிருக்க. அதுல ஒருத்தன் எங்க ஊரு மாப்ளய்யா! இதெல்லாம் பாத்தா எங்களுக்கு இன்னா தோணும்? கெழவன் மூணு மாட்டுக்கு வெல பேசி வச்சிட்டான்னுதான் தோணும். அதான் வெளியவே காட்டாம வச்சிருக்கோம். மாட்டுத் தரகன் வந்து மீன்காரி வூட்ல தேடுவானா?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பந்தியில் இருந்த சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். எனக்குக் காது கொதித்தது. "அந்த மாட்ட அனுப்பி வச்சதே நான்தான்! உங்களச் சோதிக்கத்தான் அனுப்பினேன்!" என்று கத்தினேன். சிரிப்பு இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது. "இது இன்னும் நல்லா இருக்குதே கதை" என்றான் ஒருத்தன். வாழ்க்கையில் எத்தனையோ பொய்யை நிஜம் மாதிரி விற்றவன் நான். அன்றைக்கு நிஜத்தைச் சொன்னேன், ஒரு ஆள் வாங்கவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் ஹார்டுவேர் கடைக்காரர். "அப்போ இவரயே நீங்க நம்பலன்னா, இவரு சொன்னாருன்னு நாங்க குடுத்தது இன்னா ஆவறது? அவரும் உங்கள நம்பல. நாங்க எதுக்கு நம்பணும்?" என்றார். மற்ற கடைக்காரர்களும் ஆமாம் ஆமாம் என்று எழுந்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

நர்சம்மா என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது: "அண்ணே, நீங்க இப்போ எழுந்து போனீங்கன்னா இவங்க எல்லாரும் உங்க பின்னாடியே போயிடுவாங்க. மழைக்கு அதுங்க ரோட்லதான் நிக்கும்."

"மாட்டக் கண்ணால பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றேன். மானம் போனாலும் தொழில் புத்தி போகுமா?

நான், நர்சம்மா, மீன்காரம்மா, சாட்சிக்கு ஹார்டுவேர் கடைக்காரர். நாலு பேரும் ஒரு வண்டியில் மணப்பட்டுக்குப் போனோம்.

வலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், தென்னை ஓலை நிழலில் மற்ற இரண்டு மாட்டோடு நின்றது செவலை. நெற்றியைப் பார்த்தேன். அதே ரெட்டைச்சுழி. ஆனால் முதுகெலும்பு தெரியவில்லை, தோல் மினுமினுத்தது. கழுத்தைப் பார்த்தேன். நான் சந்தையில் கட்டிவிட்ட கயிறு இல்லை. படகு கட்டுகிற நீலக் கயிறு, கழுத்தை அறுக்காமல் இருக்கப் பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது.

"பழைய கயிறு எங்க?"

"சந்தை வாடை அடிச்சிது. மோந்து பாத்து மோந்து பாத்து மெரண்டுச்சி. கடல்ல போட்டுட்டேன்."

எங்கள் தொழிலில் மாட்டுக்குக் கயிறு மாற்றிவிட்டால் கை மாறியாச்சு என்று அர்த்தம். விற்கப் போகிறவன் எவனும் கயிற்றுக்குத் துணி சுற்ற மாட்டான். ஆயிரக்கணக்கில் மாடு பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு கயிற்றை நான் பார்த்ததில்லை. தடவிப் பார்க்கலாம் என்று கை நீட்டினேன்.

"கயித்த வுடு" என்று மீன்காரம்மா குறுக்கே வந்து நின்றது. பயம் அந்த அம்மாவின் கண்ணில் நிஜமாக இருந்தது. நான்தான் கண்ணைப் பார்த்தே சொல்கிறவன் ஆயிற்றே. எனக்குத் தெரியாதா? அந்தக் கண் பார்த்துப் பயந்தது என்னைத்தான்.

ஹார்டுவேர் கடைக்காரர் போனைப் போட்டு, "இருக்குதுப்பா மாடு, நல்லா தின்னு கொழுத்திருக்குது" என்று மண்டபத்துக்குச் சொன்னார். அங்கே கை தட்டுகிற சத்தம் போனில் கேட்டது.

என் கை தானாகப் பழக்கத்துக்குப் போய்விட்டது. துண்டை எடுத்து நர்சம்மா கை மேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்து அழுத்தினேன்.

"இன்னாண்ணே, கையப் புடிச்சிக்கினு நிக்கறீங்க?" என்று நர்சம்மா திகைத்தது.

"யோவ், வுடுய்யா கைய!" என்று மீன்காரம்மா துடுப்பைத் தேடியது.

சந்தையில் எல்லாருக்கும் தெரிந்த பாஷை அது. இவர்களுக்குத் தெரியவில்லை. நான் விலையை ஒருநாளும் வாய் விட்டுச் சொன்னவன் இல்லை. அன்றைக்குச் சொன்னேன். "கூரை முழுக்க என்னோடது. தகரம், கம்பி, ஏத்துக்கூலி எல்லாம்."

நர்சம்மா கண் கலங்கிவிட்டது. மீன்காரம்மா கலங்கவில்லை. "மழைக்கு முன்னாடி தகரம் வரட்டும். அப்பறம் பேசலாம்" என்றது. எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அந்த அம்மா தரகுக்கு வந்திருந்தால் என் கடை இன்றைக்கு அதனுடையதாக இருந்திருக்கும்.

தகரம் வந்தது. நானே லாரி மேல் உட்கார்ந்து கொண்டுவந்து இறக்கினேன். முதல் மழை பிடித்தபோது கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் இப்போது போனால் நீங்களே பார்க்கலாம், ஒரு சொட்டு ஒழுகாது. என் சரக்கு அப்படி. வாசலில் உதவினவர்கள் பேரைக் கல்லில் போட்டிருக்கிறார்கள். படகுக்காரர்களுக்கு அப்புறம்தான் என் பேர் வருகிறது, எழுத்தும் சின்னது. பெரிதாகப் போடச் சொல்லி இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

செவலை இப்போது அங்கேதான் இருக்கிறது, அதே நீலக் கயிற்றோடு. வாரத்துக்கு ஒரு தடவை தவிடு கொண்டுபோய்ப் போடுகிறேன். கிளம்பும்போது நர்சம்மா கேட் வரைக்கும் வரும், "பாத்துப் போங்கண்ணே" என்று சிரிக்கும். அப்புறம் திரும்பி, மாடுகளை ஒரு தடவை எண்ணிப் பார்க்கும். மறைத்துத்தான் எண்ணும், ஆனால் உதடு அசைவது எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு கூரையே போட்டவனை இப்படிப் பார்க்கலாமா என்று தோன்றியது. இப்போதெல்லாம் வண்டியில் உட்கார்ந்து சாவியைப் போட்டாலும், அந்த அம்மா எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் வண்டியைக் கிளப்புவது இல்லை.