பாதி புல்லர்

அந்த மனுஷனுக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் குக்கர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், சொன்னால் மூடி பறக்கும். எத்தனையாவது விசிலில் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். பல நாள் அவளுக்கும் தப்பிவிடும்.

மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அவருக்கு அது பிறக்கும்போதே வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டது ஒரு கோபத்தில். பஸ் கம்பெனி வேலையை விட்டது இன்னொரு கோபத்தில். கல்யாணத்தன்று போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க சார்" என்று மூன்றாம் தடவை சொன்னதும் எழுந்து போய்விட்டார். ஆல்பத்தில் பாதிப் படங்களில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் காலி நாற்காலிதான் இருக்கிறது. ஆனால் ஆள் நேர்மையானவர், அதையும் சொல்லவேண்டும். ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து கடைகளுக்கு ரொட்டி ஏற்றிப் போவது அவருடைய மூணு சக்கர லோடு வண்டிதான். அவர் ஓட்டிய இத்தனை வருஷத்தில் ஒரு ரொட்டி நசுங்கியது என்று எந்தக் கடைக்காரரும் வாய் திறந்ததில்லை.

பக்கத்து வீட்டில் தம்பி. நடுவில் இடுப்பளவு மதில். தம்பிக்குத் தெரு வைத்த பெயர் ஃப்ரிட்ஜ். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல வாயை மூடிக்கொண்டே பிழைப்பு நடத்துகிறவர், தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். இரண்டு பேரும் கட்டியிருந்தது ஒரே வீட்டு அக்காளையும் தங்கையையும். அதனால் அண்ணன் தம்பி பேச்சு நின்ற பிறகும் சமையலறைகள் மட்டும் பிரியவேயில்லை. கிண்ணங்கள் மதில் மேலாகவே போய்வந்தன.

பேச்சு நின்றது ஒரு புல்லரால்.

அப்பா மெக்கானிக். அவர் போன பிறகு பட்டறைச் சாமான்களைப் பங்கு போட்டார்கள். பஞ்சாயத்துக்கு வந்த புத்திசாலி ஒருவர், ஸ்பேனர்களில் இரட்டைப்படை அண்ணனுக்கு, ஒற்றைப்படை தம்பிக்கு என்று தீர்ப்பு சொன்னார். அன்றிலிருந்து பத்தாம் நம்பர் நட்டைக் கழற்ற அண்ணன் வேண்டும், பதினொன்றுக்குத் தம்பி வேண்டும். அது கூடப் பரவாயில்லை. கடைசியாக மிஞ்சியது புல்லர்.

புல்லர் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மூன்று கொக்கிக் கால் வைத்த இரும்புத் தலை, அதன் நடுவே நீளமாக ஒரு போல்ட்டு. கொக்கிகள் சக்கரத்தைப் பின்னாலிருந்து கவ்விக்கொள்ளும். போல்ட்டு தண்டின் முனையில் முட்டிக்கொண்டு நிற்கும். முறுக்க முறுக்க, தண்டோடு இறுகிப்போன சக்கரம் வெளியே வந்தே ஆகவேண்டும். மூணு சக்கர வண்டி இஞ்சினின் இடுக்குக்குள் நுழைவதற்காக அப்பா கொக்கிகளைத் தேய்த்து மெலிதாக்கியிருந்தார். போல்ட்டுக்கு மரையும் தானே கடைந்திருந்தார், கடை போல்ட்டு எதுவும் அதில் ஏறாது.

"இது எனக்குத்தான்" என்று அண்ணன் அந்தத் தலையைப் பிடித்தார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். போல்ட்டை நிதானமாகக் கழற்றினார். துணியில் துடைத்தார், சுற்றினார், எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அண்ணன் கையில் மூன்று கொக்கி. தம்பி கையில் ஒரு கம்பி. இரண்டு பேரிடமும் புல்லர் இல்லை. இப்படி ஒரு பங்கீட்டை வேறு எந்தக் குடும்பமும் செய்திருக்காது.

அண்ணனைக் கொன்றது அந்த நிதானம்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இவரும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுநாள் மறந்திருப்பார். திட்டக் கூட லாயக்கில்லாதவனா நான் என்று உள்ளே எரிந்தது. கொக்கித் தலையைப் பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துப் போட்டார். வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது.

இப்போது வண்டி படுத்துவிட்டது. ஃப்ளைவீல் என்கிற கனத்த இஞ்சின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கிழிந்து, நின்ற இடமெல்லாம் எண்ணெய். சீல் கைக்குள் அடங்குகிற ரப்பர் வளையம்தான். ஆனால் ஃப்ளைவீல் வந்தால்தான் அதைத் தொடவே முடியும். ஃப்ளைவீலோ வருவேனா என்றது. தொழிற்சாலை சூப்பர்வைசர் போனில் ஒரே வாக்கியம் சொன்னார்: "நாளைக்கு விடியக்காலைல கேட்ல உங்க வண்டி நிக்கலைன்னா வேற வண்டி நிக்கும்." ரொட்டி லோடு போனால் அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இஞ்சினைக் கழற்றி, நாலு ஆள் பிடித்துக் கொல்லையில் பழைய டயர் மேல் உட்கார வைத்திருந்தார். கடையில் வாங்கிய புதுப் புல்லரை மாட்டி இரண்டு முறுக்கு முறுக்கியதும் அதன் ஒரு கால் ஒடிந்து பறந்து துணி ஊறிக்கொண்டிருந்த வாளியை உடைத்தது. சோப்புத் தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

"இரும்பா இது? அப்பளம்!" என்று அதைத் தூக்கி எறிந்தார். அப்பாவின் தலைக்குப் புதுப் போல்ட்டு கடையலாம் என்றால் லேத் பட்டறைக்கு அன்று விடுமுறை. பட்டறைக்காரரையும், விடுமுறையைக் கண்டுபிடித்தவனையும், வாளி செய்தவனையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தார்.

மனைவி துணிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு போல்ட்டு இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"நான் கேக்கட்டுமா?"

"கேட்டே, இந்த இஞ்சினைத் தூக்கிக் கிணத்துல போட்டுருவேன்."

"தூக்கத்தான் நாலு ஆளு வேணுமே" என்று அவள் உள்ளே போனாள்.

அவர் சுத்தியலை எடுத்தார். இரண்டு கடப்பாரையை ஃப்ளைவீலுக்குப் பின்னால் செருகி முட்டுக் கொடுத்துவிட்டுத் தண்டின் முனையில் அடித்தார். ஃப்ளைவீலைப் பிடித்து வைக்கும் நட்டு அந்த முனையில் விளிம்போடு விளிம்பாக நின்று அடியை வாங்கிக்கொண்டது. டொக், டொக் என்று இரண்டு வீட்டுக்கும் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பி தையல் மெஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை.

ஃப்ளைவீல் அசையவில்லை. குக்கருக்கு ஆவி தலைக்கு ஏறியது. இந்த நட்டுதான் அடியைத் தின்கிறது என்று தோன்றிவிட்டது. கோபத்தில் தோன்றுவது எல்லாம் அந்த நிமிஷத்துக்கு வேதவாக்கு மாதிரிதான் இருக்கும். நட்டைச் சுழற்றிக் கழற்றி வீசினார். வெறும் தண்டின் தலையில் ஓங்கி ஒன்று போட்டார்.

டிங்.

சத்தம் மாறிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பியின் கை நின்றது. இன்னொரு டிங். மூன்றாவது அடிக்குச் சுத்தியல் மேலே போனபோது கொல்லையின் வெளிக்கதவு படாரென்று திறந்து தம்பி நின்றார். ஒரு கையில் துணிச் சுருள், மறு கையில் ஸ்பேனர்.

"நட்டை எடுத்துட்டா அடிக்கிறே? அறிவிருக்கா உனக்கு? மரை செத்துப்போனா நாளைக்கு ஃப்ளைவீலை எதுல நிறுத்துவே, உன் தலையிலயா?"

கத்தியது ஃப்ரிட்ஜ். தெருவே கேட்கக் கத்தியது. அக்காளும் தங்கையும் மதிலின் இரண்டு பக்கமும் ஓடிவந்து நின்றார்கள். கட்டிய மனைவியே இந்தக் குரலைக் கேட்டதில்லை.

அண்ணன் ஓங்கிய சுத்தியலோடு திரும்பினார்.

"என் இஞ்சின், என் சுத்தியல்! நீ யாருடா கேக்க?"

"இஞ்சின் உன்னுது. சுத்தியல் என் பங்கு. மதில் மேல வச்சேன், எடுத்து வச்சுக்கிட்டே!"

"அப்பவே கேக்க வேண்டியதுதானே!"

"இப்பக் கேக்கறேன்! குடு!"

தம்பி சுத்தியலைப் பிடுங்கித் தூரப் போட்டார். அண்ணனிடமிருந்து அரத்தை வாங்கி, நசுங்கியிருந்த முதல் மரையை ராவிச் சரிசெய்தார். வீசிய நட்டைத் தேடி எடுத்து, முனையோடு முனையாக நிற்கும்வரை ஏற்றினார். "அந்தத் தலை எங்கே?" என்றார். அண்ணன் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததைக் கொண்டுவந்து வைத்தார். துரு. தம்பி அதைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். துணியைப் பிரித்தார். போல்ட்டு எண்ணெய் மினுமினுப்போடு நேற்றுக் கடைந்தது போல இருந்தது.

"தலை என்கிட்ட கிடக்கு. வெறும் கம்பிக்கு எதுக்குடா இத்தனை வருஷம் எண்ணெய்?"

"துரு பிடிச்சா யாருக்கு லாபம்?"

போல்ட்டு ஏறியது. கொக்கிகள் கவ்வின. போல்ட்டைத் திருப்பப் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். ஒற்றைப்படை, தம்பி கையோடு கொண்டுவந்திருந்தார். அண்ணன் வாங்கி முறுக்கினார், தம்பி கொக்கிகள் நழுவாமல் பிடித்தார். இறுகியது. இன்னும் இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டே அண்ணன் கேட்டார்:

"அன்னைக்கு ஏன்டா வாயைத் திறக்கலை? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமில்ல? கல்லு மாதிரி கழட்டி எடுத்துட்டுப் போனியே, நான் மனுஷனாத் தெரியலையா உனக்கு?"

"திறந்தா நீ கேட்டிருப்பியா?" தம்பியின் குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. "பொறந்ததுலேருந்து உன் சத்தம்தான் அந்த வீட்டுல! நான் பேச எடம் எங்கண்ணே இருந்துச்சு? அப்பா செத்த அன்னைக்குக் கூட நீ கத்தி அழுதே, எல்லாரும் உன்னைத்தான் தேத்தினாங்க. என்னை யாரு பார்த்தா?"

அண்ணனுக்கு வலித்தது. இருந்த ஆத்திரத்தையெல்லாம் ஸ்பேனரில் போட்டு ஒரு கால் சுற்று முறுக்கினார்.

டங் என்று வெடித்தது. ஃப்ளைவீல் தண்டைவிட்டு எகிறி, நட்டில் மோதி அப்படியே நின்றது. அதற்கு நேர் கீழே அண்ணனின் செருப்பில்லாத கால்.

"பார்த்தியா! நட்டு இல்லைன்னா இந்நேரம் உன் காலு கூழு!" என்று தம்பி மறுபடி கத்தினார்.

அண்ணன் காலைப் பார்த்தார். மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். பதில் கத்தவில்லை. மதில் பக்கம் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனி சீலை மாற்றுவது சின்ன வேலை. இருட்டுவதற்குள் இஞ்சின் வண்டியில் ஏறிவிடும், விடியும்போது வண்டி கேட்டில் நிற்கும். தம்பி கொக்கிகளை விடுவித்தார். பிறகு பழக்க தோஷம் போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போல்ட்டைத் தலையிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்.

அண்ணன் தம்பியின் கை மேல் தன் எண்ணெய்க் கையை வைத்தார்.

"கழட்டாதே. அது ஒண்ணாவே இருக்கட்டும்."

"ஒண்ணா எங்கே இருக்கறது? உன் வீட்டுலயா, என் வீட்டுலயா?" தம்பிக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "அதையும் நீயே கத்திச் சொல்லிடு!"

அண்ணன் டயரின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நீ சொல்லுடா" என்றார். "நான் கேக்கறேன்."

அப்படி யாரும் கேட்டுப் பழக்கமில்லாததால் தம்பிக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. அண்ணன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.