இடப்பக்கம் விழும் முடிச்சு

கூடையின் மேல் கிடக்கும் ஈரச் சாக்கை விலக்கியதும் அப்துல் கய்யூம் முதலில் பார்ப்பது வெற்றிலையைக் கட்டியிருக்கும் வாழை நாரைத்தான். கவுளிக் கட்டு ஒன்றை மூக்குக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்து, முடிச்சை விரலால் தடவி, "சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதற்கப்புறம்தான் நாமெல்லாம் அவர் கண்ணில் படுவோம். அதுவரை கவர்னரே வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், ஒரு தையற்கடைப் படியோரம் அவர் கடை. கடை என்றால் ஒரு மரப்பலகை, ஒரு வாளித் தண்ணீர், ஒரு கூடை. வெற்றிலை கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். இடது கை எப்போதும் மடியில் கிடக்கும். எடுப்பது, அடுக்குவது, கொடுப்பது எல்லாம் வலது கைதான். "மங்கல காரியத்துக்குப் போற பொருளு சார். பீச்சாங்கை படலாமா?" என்பார். பாயின் வெற்றிலை இல்லாமல் மாட வீதிகளில் ஒரு நிச்சயதார்த்தமும் நடக்காது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ரொம்ப இல்லை.

வெற்றிலை மாயவரத்திலிருந்து வருகிறது. ஊரை ஒட்டி மருமகனுக்கு வெற்றிலைக் கொடிக்கால். மகள் ஜஹீதா வீட்டில் உட்கார்ந்து இலை பிரித்து, நூறு நூறாகக் கவுளி கட்டுகிறாள். கூடை பாசஞ்சர் வண்டியில் எழும்பூர் வந்து இறங்கும். தணிகாசலம் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவான். அந்தக் கூடையை வைத்தே பாய் ஊர் நிலவரம் சொல்லிவிடுவார். அடியில் பரப்பிய வைக்கோல் புதுசாக இருந்தால் குறுவை அறுப்பு முடிந்துவிட்டது. சாக்கில் சேறு அப்பியிருந்தால் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். மகளுக்குக் கடுதாசி போடுவதில்லையா என்று கேட்டேன். "தெனம் கூடை வருதே சார், கடுதாசி எதுக்கு?" என்றார்.

ஒருநாள் குரலைத் தாழ்த்தி ஒரு ரகசியம் சொன்னார். "எம் பொண்ணுக்குப் பீச்சாங்கைப் பழக்கம் சார். முடிச்சோட வால் எடப்பக்கம் விழுது பாருங்க. மாமிங்க காதுல போட்டுடாதீங்க." சின்ன வயதில் அவள் கையை முதுகோடு கட்டிப் போட்டாராம். புளிய விளாறால் அடித்தும் பார்த்தாராம். "அப்பவும் கேக்கல" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இந்தத் தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், தஞ்சைச் சீமையில் புயல் புகுந்தது. தந்தி இல்லை, ரயில் இல்லை. பத்திரிகையில் செத்தவர் தொகை நாளுக்கு நாள் ஏறியது, பெயர்கள் வரவில்லை. பாய் இரண்டு முறை எழும்பூர் போய், வண்டி இல்லாமல் திரும்பி வந்தார். ஆனாலும் காலையில் பலகையைத் துடைத்து, வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"இன்னிக்கும் இல்ல பாய். தண்டவாளமே தண்ணில கீதாம்" என்பான் தணிகாசலம்.

"கொடிக்கால் போனாப் போவட்டும் சார். வூடு ஓட்டு வூடுதான். தாங்கும்ல?" என்று பாய் என்னைக் கேட்பார். தாங்கும் என்பேன். நான் என்னத்தைக் கண்டேன்? அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வெற்றிலை போடாமலே வீடு திரும்புவேன்.

ஏழாம் நாள் கூடை வந்தது. அரைக் கூடைதான். தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை சொல்லி வைத்திருந்த நீரஜா மாமியும் நானும் எதிரே நின்றோம். பாய் சாக்கை விலக்கி முதல் கவுளியைத் தூக்கினார். வால் வலப்பக்கம் விழுந்திருந்தது. அடுத்ததும் வலப்பக்கம். அதற்கடுத்ததும். வேறு யாரோ கட்டியவை. ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்துக்கொண்டே போனார்.

"பாய், எங்காத்துல எல்லாரும் வந்துண்டிருக்கா. அஞ்சு கவுளி கொடுங்கோ, நாழியாறது" என்றார் மாமி. பாய் காதில் விழவில்லை. எனக்கு அந்தக் கூடையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அடியில், வைக்கோலுக்குள், இளைத்த கவுளி ஒன்று கிடந்தது. ஐம்பது இலைகூட இருக்காது. நார் இன்னும் பச்சையாக இருந்தது. முந்தின நாள் கட்டியதாகத்தான் இருக்க வேண்டும். முடிச்சின் வால் இடப்பக்கம் விழுந்திருந்தது.

பாய் அதைத் தடவினார். "சரி" சொல்ல மறந்து, அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

"கொடுங்கோ பாய்" என்று மாமி இரண்டு கையையும் நீட்டினார். அந்தச் சின்னக் கவுளியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்த பாயின் வலது கை விலகவே இல்லை. மடியில் கிடந்த இடது கையைத் தூக்கி, பலகையிலிருந்து ஒரு கவுளியை எடுத்து, மாமியிடம் நீட்டினார்.