வலப்பக்கத்துப் பூ

காலை பதினொன்று இருபது. முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கட்டைவிரல். அம்மன் சிலையின் வலத்தோளில் ஒட்டியிருந்த வெள்ளைச் சாமந்தியை அது அழுத்திப் பிடித்திருந்தது. நகம் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே அந்த விரல் முடிந்துபோயிருந்தது. கருவறைக்குள் அப்போது ஆள் யாரும் இல்லை.

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். ஓசூரில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன், மயிரிழை வித்தியாசத்தைக்கூட அளந்து நேரம் போட்டு எழுதி வைப்பதுதான் என் வேலை, அதனால் இல்லாததைப் பார்க்கிற கண் எனக்குக் கிடையாது. எனக்குச் சாமி உண்டு, அக்கா உண்டு, அதற்கு மேல் எதுவும் கிடையாது. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா என்று நான் சொல்வது எல்லம்மா அக்காவை. பாகலூர் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயிலில் பூசை செய்துகொண்டிருந்தவர். அதற்கு முன்பு ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டினார், வலது கட்டைவிரலின் நுனியை அந்த மிஷின் எடுத்துக்கொண்டது. நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது, சம்பளத்தில் பாதியைக் குடித்துக்கொண்டிருந்தேன். மகனைக் கூப்பிடுகிற மாதிரி நாயனா, நாயனா என்று கூப்பிட்டே ஒரே மாதத்தில் நிறுத்த வைத்தார். அதற்குப் பிறகு அவர் கையால் பூ கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை. சிலையின் இரண்டு தோளிலும் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு பூவை ஒட்டுவார், நாம் மனதில் கேட்க வேண்டும், வலப்பக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். ஒரு காரியத்தை ஒரு தடவைதான் கேட்கலாம். என் வேலை, கல்யாணம், வீட்டுமனை எல்லாம் அப்படித்தான் முடிவானது.

சாவதற்கு ஒரு வாரம் முன்பு அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: "உனக்கு எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம்தான் நாயனா விழும். ஒட்டுறப்பவே தண்ணியக் கூடக்கொறைய வெச்சிருவேன். உன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். என் நம்பிக்கையைச் சோதிக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் காலில் விழுந்து கும்பிட்ட மாதிரி அதற்கு முன்பு கும்பிட்டதில்லை. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது, இப்போது அவருடைய அண்ணன் மகன் நாகராஜ் பூசை செய்கிறான்.

என் தம்பி சேகருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என்னுடையது அவனுக்குப் பொருந்தும் என்று பெங்களூரு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஆனாலும் பூ கேட்காமல் எப்படி? வெள்ளிக்கிழமை அவனையும் அவன் மனைவி மஞ்சுளாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன்.

"டாக்டர்கிட்ட சரின்னுட்டு அப்புறமா அம்மன்கிட்ட வர்றியேண்ணா, அம்மா கோச்சுக்கப் போவுது" என்றான் சேகர். முகம் வீங்கியிருந்தது, ஆனால் கிண்டல் மட்டும் குறையவில்லை.

"சும்மா இருங்க நீங்க. மாமா கேக்கட்டும்" என்று மஞ்சுளா அவன் தொடையில் தட்டினாள்.

நாகராஜ் பூவை ஒட்டிவிட்டு வெளியே வந்து எங்கள் பக்கத்தில் நின்றான். தம்பிக்குக் கொடுக்கலாமா என்று நான் கேட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வலப்பக்கத்துப் பூ அசைந்தது, பாதி சரிந்தது. "வருது, வருது" என்றாள் மஞ்சுளா. அப்போதுதான் அந்த விரல் வந்தது. விரல், உள்ளங்கை, மணிக்கட்டு வரைக்கும் இருந்தது, அதற்கு மேல் இல்லை. சரிந்த பூவை மேலே தள்ளி வைத்து அழுத்தியது. திரும்பி மற்ற மூன்று பேரின் முகத்தையும் பார்த்தேன். அவர்கள் வெறும் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி திரும்பியபோது இடப்பக்கத்துப் பூ விழுந்தது.

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது விழுந்ததும் பல நாளாக என் அடிவயிற்றில் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டது. நான் கண்டதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சாமி வேணாங்குது" என்றேன்.

"இன்னொரு வாட்டி கேளுங்க மாமா. பாதி வந்துச்சே, நீங்களும் பாத்தீங்கல்ல?" மஞ்சுளா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவைதான்மா. அக்கா சொன்னது."

"விடுடி" என்றான் சேகர். "எந்தப் பார்ட்டு எந்த வண்டியில இருக்கணும்னு அம்மனுக்குத் தெரியாதா?"

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் இருவரும் ஆட்டோவுக்குப் போன பிறகு நாகராஜ் உள்ளே போய் வலத்தோளிலிருந்த பூவை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் முகம் சரியாக இல்லை.

"இத யாரு தொட்டதுண்ணா?"

இதழ்கள் ஒரு பக்கம் நசுங்கிச் சப்பையாகியிருந்தன. நசுங்கிய இடத்தில் குங்குமக் கறை, கடைசியில் கூராக இல்லாமல் மொட்டையாக முடிந்திருந்தது.

"நீ ஒட்டுறப்ப பட்டிருக்கும்" என்றேன்.

"இல்லண்ணா. சேகரண்ணனப் பாக்க பாவமா இருந்துச்சு. வலப்பக்கம் விழட்டும்னு தண்ணியே தொடாம சும்மா சாச்சு வெச்சேன். காத்தடிச்சாலே விழணும். அது எப்பிடி நின்னுச்சு?"

பூவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இந்த விஷயத்தை யாரிடமும் பேச வேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொன்னேன். சாமி பூவை ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும், நான் திரும்பி வரும் வழியில் சிப்காட் சாக்கடையில் அதைப் போட்டேன்.

சேகர் நான்கு மாதம் இருந்தான். கடைசி வரைக்கும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டான். மஞ்சுளா அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசவில்லை, காரியத்தன்று எனக்கு இலை போட்டபோதும் பேசவில்லை. நான் இன்னும் வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கோயிலுக்குப் போகிறேன்.

போன மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. என் இரண்டு சிறுநீரகங்களும் நன்றாக வேலை செய்கின்றன.