‘நில்’ என்ற சொல்லின் புள்ளி

சவுரிராயன் அண்ணன் எந்த மிஷினைத் தொடும் முன்னும் நெற்றியில் கைவைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். திண்டிவனத்தில் எங்கள் பட்டறையில், நான் வரையும் படத்தைப் பார்த்து ஒயர் கட்டுபவர்.

"ஃபேன் போடவும் ஜெபமாண்ணா?" என்று கேலி செய்வேன்.

"நீ வரைஞ்சதாச்சே, இன்ஜினியரம்மா. பயம் இருக்காதா?"

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கரண்ட் இல்லாதபோது வேலை செய்யும் சிக்னலைத் தலைகீழ் சிக்னல் என்போம். அதன் பெயருக்கு மேல் கோடு போடவேண்டும் என்று கல்லூரியில் படித்தேன். அண்ணனுக்காகப் பெயர்களைத் தமிழில் எழுதினேன். கோட்டைப் பார்த்து, பெயரையே அடித்துவிட்டேன் என்று நினைத்தார். அதனால் கோட்டுக்குப் பதில் கடைசி எழுத்தின் மேல் புள்ளி என்று பேசிவைத்தோம்.

"புள்ளி வெச்சா உயிர் போயிடும். கரண்ட் போனா வேலை செய்யும். அவ்ளோதானே?" என்றார்.

மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு எடுக்கும் மிஷினுக்குப் போர்டு செய்தோம். மூடியைத் திறந்தால் கரண்ட் அறுந்து மிஷின் நிற்கவேண்டும். அந்தச் சிக்னலுக்கு ‘நில்’ என்று பெயர் வைத்தேன். மூடியின் சுவிட்சை மட்டும் மிஷின் இருக்கும் மண்டகப்பட்டுக்குப் போய்த்தான் கட்டவேண்டும்.

இன்று அண்ணன் அங்கிருந்து போன் செய்தார்.

"மெயின் போட்டும் ஓடலம்மா. உள்ள என்னமோ மாட்டிக்கினு இருக்கு. தொறந்து கைய வுட்டுப் பாக்கறேன்."

வைத்துவிட்டார்.

படத்தை எடுத்தேன். நில். கடைசி எழுத்தின் மேல் ஒரே ஒரு புள்ளி. எழுத்துக்கு உரிய அந்தப் புள்ளியையே தலைகீழுக்கும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். அவர் அதை வெறும் எழுத்தாகப் படித்திருக்கிறார். கரண்ட் வந்தால் நிற்கும் என்று நினைத்து, மூடியைத் திறந்தால் கரண்ட் வரும்படி சுவிட்சை மாற்றிக் கட்டியிருக்கிறார். மூடி மூடியிருப்பதால்தான் மிஷின் ஓடவில்லை. திறந்தால் ஓடும்.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். என் விரல்களை எனக்குத் தெரியாமலே உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது தடவை எடுத்தார். பின்னால் உருளை சுற்றும் சத்தம்.

"அண்ணா, கை?"

"இருக்கு." மூச்சு வாங்கினார். "மூடியத் தொறந்ததும் தானா சுத்துது. கை அப்போ நெத்தியில இருந்துச்சு."

"மெயின ஆஃப் பண்ணுங்கண்ணா!"

"பண்றேன். அழுதுக்கினு இருக்காத. ஜல்தியா பேர மாத்து."

‘ஓடு’ என்று மாற்றினேன். கரண்ட் இருந்தால் ஓடு, புள்ளியே வேண்டாம். தமிழில் எத்தனை சொற்கள் புள்ளியில் முடிகின்றன என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? படித்தவள் நான்தானே?

போன மாதம் கிளியனூருக்குக் கொடுத்த போர்டில் ‘வெப்பம்’ என்று ஒரு தலைகீழ் சிக்னல் இருக்கிறது; அதிலும் கடைசி எழுத்தின் மேல் ஒரே புள்ளிதான். அந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறேன். மணி அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.